பட்டாணி பார்த்த கண்ணாடி

எங்கள் வீட்டு பீரோவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் அதிக நேரம் முகம் பார்த்தது நானோ அம்மாவோ இல்லை, ஒரு குதிரை. இதைச் சொன்னால் கம்பெனியில் என் பக்கத்தில் நின்று பேக்கிங் போடுகிற பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கண்ணாடியால் நான் பட்ட கவலை அவர்களுக்குத் தெரியாது. நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். காலையில் கேஸ் மூடினேனா என்று ஆவடி வரைக்கும் யோசித்துக்கொண்டே போகிறவள். இந்தப் பழக்கம் குதிரை லாயத்தில்தான் வந்தது என்று அம்மா சொல்வாள். இருக்கலாம்.

நசரத்பேட்டை தாண்டி ஹைவேயை விட்டு உள்ளே இறங்கினால், காலி மனைகளுக்கு நடுவில் தகரக் கதவு போட்ட ஒரு காம்பவுண்டு வரும். வெளியிலிருந்து பார்த்தால் லாரி ஷெட் மாதிரி இருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டு ரேஸ் குதிரைகள். இரண்டு பக்கமும் குதிரை அறைகள், நடுவில் தண்ணீர்த் தொட்டி, பின்னால் மணல் போட்ட ஓட்டப் பாதை. ஒரு வரிசை அறைகளுக்கு எதிரே வேலைக்காரர்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓரறை வீடுகள். கடைசி வீடு எங்களுடையது. எங்கள் ஜன்னலைத் திறந்தால் ஒரு குதிரையின் முகம் தெரியும். அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாக்கடை அகலம்தான்.

அப்பா அங்கே சைஸ். அதாவது, குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்துவிட்டு, தீனி வைத்து, நடக்கவிட்டு, அதன் கூடவே கிடக்கிறவர். ஒரு சைஸுக்கு ஒரு குதிரை, சில சமயம் இரண்டு. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்குகிறவர். ஒரு காலத்தில் ரேஸிலேயே ஓட்டுவார் என்று எல்லாரும் நினைத்தார்களாம். பிறகு அவர் பரோட்டாவைக் கண்டுபிடித்துவிட்டார். எடை ஏறியதும் லாயத்தோடு நின்றுபோனார். அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை, பரோட்டாவையும் விடவில்லை.

விடியும் முன்பே வாளிச் சத்தம் கேட்கும். அதுதான் எங்களுக்கு அலாரம். வெயில் வருவதற்குள் குதிரைகள் ஓடி முடித்து, உடம்பில் ஆவி பறக்கத் திரும்பி வரும். குளியல், நடை, தீனி. பார்லியும் கொள்ளும் வேகிற வாசனையில் எங்களுக்கே பசிக்கும். உச்சி வெயிலில் ஒருத்தரும் சத்தம் போடக்கூடாது, குதிரைகள் தூங்கும் நேரம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில்கூட அத்தனை அடக்கம் இருக்காது. நாங்கள் பிள்ளைகள் உதட்டை மட்டும் அசைத்துச் சண்டை போடக் கற்றுக்கொண்டோம். சாயங்காலம் ஜமேதார் பாய் ஒவ்வொரு குதிரையின் காலையும் மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பார். எல்லா சைஸ்களுக்கும் அவர்தான் மேஸ்திரி. கால் சூடாக இருந்தால் மறுநாள் ஓட்டம் கிடையாது.

வருஷத்தையும் நாங்கள் குதிரையை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். மழை மாசத்தில் பாதை சேறாகிவிடும், குதிரைகள் ஓட முடியாமல் ஒன்றையொன்று கடிக்கும். தீபாவளி தாண்டி மழை விட்டதும் சென்னை சீசன். அப்போது அவற்றின் தோல் பித்தளைக் குடம் மாதிரி பளபளக்கும், வயிறு ஒட்டிக்கொள்ளும், எல்லாருக்கும் கோபம் சட்டென்று வரும். பங்குனி வெயில் ஏறியதும் அது முடிந்து ஊட்டி சீசன். தேறின குதிரைகளை லாரியில் ஏற்றி ஊட்டிக்கு அனுப்புவார்கள். குதிரை போனால் அதன் சைஸும் போவார். கோடை முழுக்க அங்கேதான். லாயம் பாதி காலியாகிவிடும், அப்பாக்கள் பாதிப் பேர் இல்லாமல் போய்விடுவார்கள்.

எனக்கு ஊட்டி லாரி என்றாலே பயம். மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை வளைவுகள் என்று கேள்விப்பட்டிருந்தேன். லாரி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று மாமாவிடம் ஒரு தடவை கேட்டேன். “குதிரை தாண்டிப் பூடும், பாப்பா. மன்சன்தான் இன்னா பண்ணுவான்னு தெரில” என்றார். அதிலிருந்து அப்பா ஊட்டியில் இருக்கிற நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் இந்தக் கண்ணாடி விஷயம் நடப்பதற்கு முந்தின கோடையில் அப்பா போகவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த குதிரைக்கு முன்னங்கால் நரம்பு வீங்கிப்போய், அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு குதிரை வரும்வரை அவர் லாயத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வீட்டோடு இருந்தார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல கோடை வந்ததில்லை. வேலை இருக்கிறதோ இல்லையோ, இருட்டோடு எழுந்துவிடுவார். எங்கள் வீட்டு வாளிகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்ப்பார். அரிசிப் பானையைத் திறந்து கையை விட்டு அளந்து பார்ப்பார். சாயங்காலமானால் என்னையும் தம்பியையும் நிற்கவைத்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தடவி, “சூடு இல்ல, நல்லா கீது” என்பார். எங்களுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வரும். மற்ற நேரமெல்லாம் நடப்பார். எங்கள் ஓரறை வீட்டில் கதவிலிருந்து அடுப்பு வரை, அடுப்பிலிருந்து கதவு வரை. நாங்களும் பின்னால் ரயில் விட்டுக்கொண்டு நடப்போம். அம்மா உலை வைத்தால் அடுப்பைத் தள்ளி வைப்பார். துணி மடித்தால் பிரித்து வேறு மாதிரி மடிப்பார். படுத்தாலும் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து, அம்மாவைத் தாண்டிப் போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருவார். யாரையும் ஒரு சொல் அதட்டினதில்லை. அந்தக் கோடையில் அம்மா இளைத்துக் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தாள். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

மழைக்காலத்தில் ஒரு புதுக் குட்டி வந்தது. இரண்டு வயசுப் பெண் குதிரை, செம்பழுப்பு நிறம், நெற்றியில் பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளை. ரேஸுக்கு அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால் பட்டாணி ஆகிவிட்டது. அதை அப்பாவிடம் கொடுத்தார்கள். எங்கள் ஜன்னலுக்கு நேரே இருந்த அறையில் கட்டினார்கள்.

பட்டாணி ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. மாமா அதன் மேலிருந்து இறங்கும்போதெல்லாம் வாயை அகட்டிச் சிரித்துக்கொண்டே இறங்குவார். அறைக்குள் வந்தால்தான் வினை. அரைக் கதவுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, ஊஞ்சல் மாதிரி ஆடும். ஒரு முன்னங்காலிலிருந்து அடுத்த முன்னங்காலுக்கு உடம்பின் பாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் ஆடும். தீனியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஆடும். தனியாக அடைத்து வைக்கிற குதிரைக்கு இப்படி ஒரு பழக்கம் வருமாம். எடை ஏறாது, காலும் கெட்டுப்போகும். இன்னொரு பயமும் லாயத்தில் உண்டு: ஒரு குதிரை ஆடுவதைப் பார்த்தால் பக்கத்துக் குதிரையும் கற்றுக்கொள்ளும் என்பார்கள். அதனால் பட்டாணிக்குப் பக்கத்து அறைகளைக் காலி பண்ணிவிட்டார்கள். தனிமையால் வந்த வியாதிக்கு இன்னும் கொஞ்சம் தனிமையை மருந்தாகக் கொடுத்தது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

நான் ஜன்னலில் உட்கார்ந்து அதையே பார்ப்பேன். எனக்கும் உட்கார்ந்தால் கால் ஆட்டுகிற பழக்கம். மாமா பார்த்துவிட்டு, “அக்கா, உன் பொண்ணுக்கும் தொத்திக்கிச்சு. இதையும் தனியா கட்டு” என்றார். அன்றைக்கு முழுக்கக் காலைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஆட்டத்தை நிறுத்த என்னென்னவோ செய்தார்கள். கதவுக்கு மேலே இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள், ஆடினால் முகத்தில் இடிக்கும் என்று. அது பாட்டிலில் இடிக்காமல் ஆடக் கற்றுக்கொண்டது. கம்பி வைத்துத் தலையை நீட்ட முடியாமல் பண்ணினார்கள். உள்ளே நின்று ஆடியது. ஒரு ஆட்டைத் துணைக்கு விட்டார்கள். ஆடு குதிரைமசால் தழையை மொத்தமாகத் தின்று வயிறு ஊதி வெளியே வந்தது. ஜமேதார் பாய் தர்காவிலிருந்து தாயத்து கொண்டுவந்து கட்டினார். பட்டாணி அதைக் கடித்து முழுங்கிவிட்டது. “உள்ளேர்ந்து வேலை செய்யும்” என்றார் பாய், முகத்தை மாற்றாமல்.

லாயத்தை நடத்துகிற டிரெய்னர் சார் ஒருநாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம், “லாரி வர்றதுக்குள்ள இது நிக்கணும். நிக்கலேன்னா ஊட்டிக்கு எடுத்துட்டுப் போக மாட்டேன், ஓனரை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிடுவேன்” என்றார். கத்தவில்லை. அவர் கத்தாமல் சொன்னதுதான் நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஓனர் கூட்டிக்கொண்டு போனால் விற்றுவிடுவார். இப்படி ஆடுகிற குதிரையை யார் வாங்குவார்கள்? மாமாவிடம் கேட்டேன். “பீச்சுல சவாரி வுடுறவன் வாங்குவான். பஞ்சு மிட்டாய்க்காரன் பக்கத்துல நிக்கும் பாரு நம்ம பட்டாணி” என்றார்.

பட்டாணி நின்றுவிட்டால் அப்பா லாரியில் ஏறி மலை வளைவுக்குப் போய்விடுவார். நிற்காவிட்டால் பட்டாணி பீச்சு மணலில், எலும்பு தெரிய. அப்பா மறுபடி குதிரை இல்லாமல் கோடை முழுக்க எங்களோடு. எனக்கு அப்பா வேண்டும். பட்டாணி பீச்சுக்குப் போகவும் கூடாது. இரண்டையும் ஒரே சாமியிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆகவே ஒன்றைத் தெருமுனைப் பிள்ளையாரிடம் சொன்னேன். இன்னொன்றை, பாய் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுக்கிற தர்கா சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு வேண்டிக்கொண்டேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

கண்ணாடி யோசனையை மாமாதான் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தார். வேறொரு லாயத்தில் இப்படி ஆடின குதிரைக்கு அறைக்குள் கண்ணாடி வைத்தார்களாம். இன்னொரு குதிரை கூட நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு அது அடங்கிவிட்டதாம். அவர் சலூன்கடை நண்பரிடமிருந்து ஒரு பழைய கண்ணாடியை வாங்கிவந்து மாட்டினார். அது சின்னது. பட்டாணி கிட்டே போனால் ஒரு கண் மட்டும் தெரிந்தது. சுவரில் ஒற்றைக் கண் முளைத்ததைப் பார்த்து மிரண்டு போனதே தவிர, ஆட்டம் நிற்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவும் மாமாவும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பெருசா வோணும் மாமே. மொத்த ஆளும் தெரியணும்” என்றார் மாமா.

“பெருசுக்கு எங்கடா போறது, மச்சான்?”

அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டே, “நம்ம ஊட்ல கீதே” என்றாள்.

இருவரும் பீரோவைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கல்யாணத்தின்போது அம்மா வீட்டில் கொடுத்த இரும்பு பீரோ. கதவு முழுக்கக் கண்ணாடி. நாங்கள் விரல் வைத்தால்கூட அம்மா ஈரத்துணி எடுத்துக்கொண்டு வந்து துடைப்பாள். எங்கள் வீட்டில் பெரிய பொருள் என்று இருந்தது அது ஒன்றுதான்.

“லூஸா நீ?” என்றார் அப்பா. “உங்க அப்பாரு குடுத்தது. குதிர ஒத வுட்டா முடிஞ்சிது.”

“ஒத வுட்டா வுடட்டும்.”

“நீ எதுல மூஞ்சி பாப்பே?”

“எம்மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஸ்குரு போட்டுத்தான் கீது. கழட்டுடா” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, அப்பாவுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

எனக்கு அழுகை வந்தது. பட்டாணிக்காக அம்மா இவ்வளவு பாடுபடுவாள் என்று நான் நினைத்ததில்லை. அவளுக்குக் குதிரை என்றாலே ஆகாது. சாணி நாற்றம், ஈ என்று எந்நேரமும் புலம்புகிறவள், ஒருநாளும் அந்தச் சாக்கடையைத் தாண்டி லாயத்துக்குள் வந்ததில்லை. அவள் எதற்கு நடுவில் வந்து பட்டாணியை நிறுத்தி, அப்பாவை லாரியில் ஏற்றப் பார்க்கிறாள்?

மாமாவும் இன்னொருவரும் கண்ணாடியைப் படுக்கைவாட்டில் தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டினார்கள். அதில் வானம் தெரிந்தது. இரண்டு வரிசை அறைகளிலிருந்தும் குதிரைகள் எட்டிப் பார்த்துக் கனைத்தன. ஒவ்வொன்றுக்கும் தன்னைப் போலவே ஒன்று ஒரு நொடி வந்து, நகர்ந்து போனது. நான் கூடவே ஓடி, “பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மாமா, “நீ கத்தறதுலதான் உடையும்” என்றார். பின்னால் பலகை, நடுவில் பழைய கம்பளி, முன்னால் கம்பி வலை என்று வைத்து, தீனித் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அறைந்தார்கள். ஜமேதார் பாய் முஷ்டியால் வலையைக் குத்திப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

பட்டாணியை உள்ளே விட்டார்கள். அது நேராகக் கதவுக்கு வந்து ஒரு ஆட்டம் ஆடியது. பிறகு திரும்பியது. காதுகள் இரண்டும் முன்னால் வந்தன. மூச்சை உள்ளே இழுத்து ஒரு சத்தம் போட்டது. மெல்லக் கிட்டே போய், கண்ணாடிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கழுத்தை வளைத்துப் பார்த்தது. சுவர்தான் இருந்தது. மறுபடி முன்னால் வந்து மூக்கை வலையில் வைத்தது. கண்ணாடி அதன் மூச்சில் மங்கி, மறுபடி தெளிந்தது. அப்படியே நின்றது. வெகுநேரம் கழித்து அப்பா, “நிக்குது” என்றார், யாரையோ எழுப்பிவிடப்போகிற மாதிரி.

தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டியது ஒருவிதத்தில் தப்பாகப் போயிருக்க வேண்டியது. பட்டாணி குனிந்தால் அந்தக் குதிரையும் குனிந்து இதன் தொட்டியிலேயே வாய் வைக்கிற மாதிரி இருக்கும். இது விடுமா? காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, கண்ணாடியை முறைத்துக்கொண்டே அவசர அவசரமாகத் தின்றது. முன்பு பாதி வைத்துவிட்டு வந்து ஆடியது, இப்போது தொட்டியை நக்கியது. மாசி முடிவதற்குள் முதுகு நிரம்பிவிட்டது. “போட்டிக்குத் துன்னுது” என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

எங்கள் வீட்டில் பீரோக் கதவு வெறும் தகரமாக நின்றது. அம்மா தலை வாரிக்கொண்டு என் எதிரே வந்து நிற்பாள். பொட்டு நேராக இருக்கிறதா, வகிடு கோணலா என்று நான் சொல்ல வேண்டும். பெரிய பொறுப்பு. ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கிறது என்று சொன்னால் மாற்றுவாள். சரி என்று சொல்லிவிட்டு, அவள் ரேஷன் கடைக்குப் போனபிறகு, நிஜமாகவே சரியாக இருந்ததா என்று எனக்குச் சந்தேகம் வரும். பின்னாலேயே ஓடிப்போய் வழியில் நிறுத்திப் பார்த்துவிட்டு வருவேன். அந்த நாட்களில் அவள் லாரி எப்போது வருகிறது என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டிரெய்னர் சார் வந்து பார்த்தார். பட்டாணி கண்ணாடி முன்னால் ஒரு காலைத் தளர்த்தி வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. “சரி, இதுவும் வரட்டும்” என்றார். போகிறபோது, “கண்ணாடியும் கூட வரணும்” என்றும் சொன்னார். பிள்ளையாரும் தர்காவும் பேசிக்கொண்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

லாரி வந்த காலை எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. வெயிலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று எல்லாரும் பறந்தார்கள். பின்கதவை இறக்கிச் சரிவுப் பலகை போட்டிருந்தார்கள். மற்ற குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. பட்டாணிக்குத் தனித் தடுப்பு. மாமா முந்திக்கொண்டு கண்ணாடியை உள்ளே எடுத்துப்போய், தடுப்பின் முன்பக்கத்தில், வாசலைப் பார்த்த மாதிரி இறுக்கிக் கட்டினார். “உள்ள ஆளு கீதுன்னு தெரிஞ்சா தன்னால ஏறும்” என்றார்.

அப்பா பட்டாணியைக் கொண்டுவந்தார். அது பலகையில் முன்னங்காலை வைத்து நிமிர்ந்து பார்த்தது. லாரிக்குள்ளிருந்து ஒரு குதிரை அதை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தது.

அது போட்ட கூச்சலை நான் எந்தக் குதிரையிடமும் கேட்டதில்லை. பின்னங்கால்களில் எழுந்து நின்றது. அப்பா கயிற்றோடு இழுபட்டார். மறுபடி கொண்டுவந்தார்கள். மறுபடி அது ஒரு அடி வைத்தது, உள்ளே இருந்ததும் ஒரு அடி வைத்தது, இது பின்னால் பாய்ந்தது. ஏற்கனவே ஏறின குதிரைகள் லாரியை உதைக்க ஆரம்பித்தன. பாய் தட்டிக் கொடுத்துப் பார்த்தார், ஓட்ஸ் வாளியைக் காட்டிப் பார்த்தார். நாலாம் தடவை அப்பாவின் உள்ளங்கையைக் கயிறு அறுத்துவிட்டது. சூரியன் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே வந்துவிட்டது.

டிரெய்னர் சார் வாட்சைப் பார்த்தார். “போதும்பா. இதை விட்டுடு. கதவைச் சாத்துங்க” என்றார்.

அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டாணி நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்தது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவரும் கூட அசைந்த மாதிரி இருந்தது. எனக்குள் சந்தோஷம் கொதித்து வந்தது, பீச்சு மணலும் கூடவே வந்தது, எதை முதலில் நினைப்பது என்று தெரியாமல் தம்பியின் சட்டையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மா சாக்கடையைத் தாண்டி வந்தாள். தலையில் ஈரத் துண்டு, இடுப்பில் சொருகின புடவை. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் நேராக லாரியிடம் வந்தாள்.

“இன்னா பண்றீங்கோ அல்லாரும்? எதுத்தாப்புல ஒருத்தி இறங்கி வந்தா எவ ஏறுவா? அத்த மூடுங்கடா மொதல்ல.”

ஒருத்தரும் அசையவில்லை. அவளே சாக்கடை ஓரத்துத் துணிக்கொடியிலிருந்து என் போர்வையை உருவிக்கொண்டு, பலகையில் ஏறி, லாரிக்குள் போனாள். குதிரைகளைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவள், இரண்டு பக்கமும் அவை உதைத்துக்கொண்டிருக்க, நடுவில் போய்க் கண்ணாடியின் மேல் போர்வையைப் போட்டுக் கயிற்றுக்கடியில் சொருகினாள். இறங்கி வந்து ஒதுங்கி நின்று, “இப்ப இட்டுகினு போ” என்றாள் அப்பாவிடம்.

பட்டாணி பலகையில் கால் வைத்து நிமிர்ந்து பார்த்தது. யாரும் வரவில்லை. முகர்ந்துகொண்டே ஏறிப் போய்விட்டது. உள்ளே கட்டியதும் அப்பா போர்வையை விலக்கினார். கூடவே அதன் சிநேகிதியும் ஏறியிருந்தாள். ஒரு கனைப்பு, அவ்வளவுதான், அடங்கிவிட்டது.

மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “அக்காவ ஜமேதாரா போடுங்க பாய்” என்றார். பாய், “போட்டா உன்னிய மொதல்ல பட்டினி போடும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டிரெய்னர் சார்கூடச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பின்கதவு மேலே ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா இறங்கி வந்து, துணி சுற்றின கையால் என் காலைத் தடவிப் பார்த்தார். தம்பியின் காலையும். அம்மாவிடம், “கண்ணாடி திரும்பி வர்றது டவுட்டுதான்” என்றார்.

“நீ பத்ரமா போய்ட்டு வா” என்றாள் அவள். அவர் கையில் சுற்றியிருந்த துணியின் முடிச்சை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

லாரி தகரக் கதவைத் தாண்டி ஹைவே பக்கம் திரும்புகிற வரை நான் கூடவே ஓடினேன். திரும்பி வந்தபோது என் கோபம் முழுக்க அம்மா மேல் இருந்தது. அவள் மட்டும் சும்மா இருந்திருந்தால் அப்பா இந்நேரம் வீட்டில் வாளி கழுவிக்கொண்டிருப்பார். இதை அவளிடம் கேட்டே விடுவது என்றுதான் வீட்டுக்குள் போனேன்.

அம்மா தரையில் படுத்திருந்தாள். பாய் விரிக்கவில்லை, தலைக்கு ஒன்றும் வைக்கவில்லை. கதவுக்கும் அடுப்புக்கும் நடுவில், அப்பா நடந்த வழியிலேயே, கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பாத்திரமெல்லாம் கழுவாமல் கிடந்தது. காலை நேரத்தில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. தோளைத் தொட்டேன், அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

கோபமெல்லாம் போய்விட்டது. வெளியே ஓடி மாமாவை இழுத்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, அப்பாவுக்கு போன் போடு மாமா, லாரி இன்னும் ரொம்ப தூரம் போயிருக்காது, திரும்பி வரச் சொல்லு என்று அழுதேன்.

மாமா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். எப்போதும் ஏதாவது கிண்டல் வைத்திருக்கிற முகம், அப்போது வேறு மாதிரி இருந்தது. குரலை இறக்கி, “அத்த மட்டும் பண்ணாத பாப்பா” என்றார். “தூங்கட்டும், வுடு.”

ஏன் கூடாது என்று கேட்டேன். அவர் வெளிச்சம் விழாதபடி கதவைப் பாதி சாத்திவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்குக் கீழே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. விரலை எடுத்தேன். மறுபடி வைத்தேன்.